ஹெர்பர்ட் என்கிற பனிப்பிராணி

3 அக்டோபர் 1966, திங்கள்

இந்தக் கொப்பியை மிசிஸ் ஹொலிஸ் தந்தார். தொலைக்காட்சி நிலையத்தின் உடைப் பிரிவுக்குத் தலைவி அவர். ஐம்பது வயது, வாயில் எப்போதும் நான்கு குண்டூசிகள். நான் தைக்கும் உடைக்கு ஒவ்வொரு நாளும் என்ன செய்தேன், எதை வெட்டினேன், எதை ஒட்டினேன் என்று எழுதி வைக்க வேண்டுமாம். எந்த மொழியில் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே தமிழில் எழுதுகிறேன். வாசித்துக் குறை பிடிக்க இந்தக் கட்டடத்தில் ஆளில்லை.

என் பெயர் சற்குணவதி. அதைச் சொல்லிப் பார்த்து இங்கே ஒருவரும் வெற்றி பெறவில்லை. கணவர் பெயர் குலசிங்கம் என்றேன். குலத்தைக் கைவிட்டுச் சிங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இப்போது நான் மிசிஸ் சிங்கம். எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் என்னைச் சிங்கம் என்று யாரும் சொன்னதில்லை. மாமி வேறு மிருகங்களைச் சொல்லியிருக்கிறார்.

ஆறு வாரத் தற்காலிக வேலை. சனிக்கிழமை மாலைகளில் வரும் 'தூர நிலையம்' என்ற தொடருக்கு உடை தைக்கிறோம். அதில் ஒரு கப்டனும் அவருடைய ஆட்களும் வாரத்துக்கு ஒரு கோளில் போய் மாட்டிக்கொள்வார்கள். அங்கே ஏதாவது ஒன்று அவர்களைச் சாப்பிடப் பார்க்கும். இம்முறை அது பனிக்கட்டிக்கு அடியில் வாழ்கிறது. கதைப் பிரதியில் அதைப் பற்றி மூன்றே சொற்கள்: "உயரம். செதிள்கள். பயங்கரம்." மிச்சத்தை மிசிஸ் சிங்கம் பார்த்துக்கொள்வார்.

களஞ்சியத்தில் துணி கிடையாது. முந்தைய மூன்று கதைகளின் இயந்திர மனிதர்கள் எல்லாவற்றையும் உடுத்து முடித்துவிட்டார்கள். ஒரு மருத்துவமனைத் தொடருக்கு வாங்கி மிச்சமான ரப்பர் சுடுதண்ணிப் பைகள் மட்டும் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மிசிஸ் ஹொலிஸும் பார்த்தார். நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

5 அக்டோபர், புதன்

ஒரு சுடுதண்ணிப் பையில் ஒன்பது செதிள் வெட்டலாம். இதுவரை இருநூற்றெழுபது. விரல் வீங்கிவிட்டது.

வீட்டில் அவர் நூலகத்துக்குப் புறப்பட்டுப் போனபின் நான் புறப்படுகிறேன். கணக்காளர் பரீட்சையின் கடைசிப் பகுதியை மூன்று தரம் எழுதிவிட்டார். டிசம்பரில் நாலாந்தரம். கலியாணம் முடிந்த எட்டாம் மாதம் இந்த நாட்டுக்கு வந்தவர். நான் இந்த மார்ச்சில்தான் வந்து சேர்ந்தேன். காலை ஐந்தரைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். இந்த ஊரில் நூலகங்கள் அவ்வளவு அதிகாலையில் திறக்கின்றன.

7 அக்டோபர், வெள்ளி

பிராணிக்குள் நிற்கப் போகிறவர் மிஸ்டர் டென்ஹாம். ஆறடி நாலங்குலம். முப்பது வருடமாக மேடையில் அரசர்களாக நடித்தவர். மேற்சட்டையை அணிந்து கண்ணாடி முன் நின்று, இந்தப் பிராணியின் மனத்துயர் என்ன என்று என்னிடம் கேட்டார். கை அக்குளில் இறுக்கமா என்று நான் கேட்டேன்.

பிரதியில் பிராணிக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதில் உயிரெழுத்தே இல்லை. ஆகவே உடைப் பிரிவில் அதை ஹெர்பர்ட் என்கிறார்கள். மிசிஸ் ஹொலிஸின் மைத்துனர் பெயராம்.

ஹெர்பர்ட் நடந்தால் ரப்பரோடு ரப்பர் உரசிக் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடுகிறது. பயங்கரம் என்பதைவிட, எண்ணெய் காணாத கதவு என்று சொல்லலாம். முகப்பவுடரை இரண்டு டின் கொட்டினேன். சத்தம் அடங்கியது. இப்போது ஹெர்பர்ட்டுக்கு ரோசாப்பூ வாசம்.

9 அக்டோபர், ஞாயிறு

வீட்டு வேலை. அவருடைய சட்டைகள் தோய்த்தேன். அவருடைய வலது கட்டைவிரல் கறுத்திருக்கிறது. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. பேனா மை என்றார். சமையலறையில் நின்று தேநீர் குடிக்கும்போது கால்களை அகட்டி, ஒரு தோளைச் சுவரில் சாய்த்து நிற்கிறார். தரை ஆடுவது போல. படிப்பு கூடினால் உடம்புக்கு என்னென்னவோ வரும்.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி மிசிஸ் புரொசர், தன் தங்கையைப் பார்க்க எந்த பஸ் எடுப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றார். இவர் மூச்சுவிடாமல், எழுபத்திரண்டில் ஏறி ஆறாம் தரிப்பில் இறங்கி, கடைசி பஸ் பத்து ஐம்பதுக்கு, ஞாயிறென்றால் பத்து இருபதுக்கு என்று சொல்லி முடித்தார். மிசிஸ் புரொசர் வியந்துபோனார். கணக்காளருக்கு நல்ல ஞாபகசக்தி வேண்டும் என்று நான் சொன்னேன்.

10 அக்டோபர், திங்கள்

ஹெர்பர்ட்டின் தலையை இன்றைக்குள் முடிக்க வேண்டியிருந்தது. ஆகவே வழமையைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்த் தரிப்பில் நின்றேன். எழுபத்திரண்டு வந்து நின்றது. நான் ஏறவில்லை.

கண்டக்டரை எங்கோ கண்டது போல இருந்தது. தொப்பி போட்டால் எல்லா ஆண்களும் ஒரே மாதிரித்தான்.

தலை முடிந்தது. கண்ணுக்குப் பதிலாக இரண்டு கறுப்புச் சல்லடை. அணிபவர் கழுத்திலுள்ள ஓட்டை வழியாகத்தான் பார்க்க முடியும். மூச்சுவிடத் தாடைக்கு அடியில் ஒரு பிளவு வைத்தேன்.

11 அக்டோபர், செவ்வாய்

நடந்து போனேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

12 அக்டோபர், புதன்

நடந்தேன். மழை. வால் தைத்தேன்.

13 அக்டோபர், வியாழன்

நடந்தேன். நனைந்த என் சப்பாத்தை, அறையைச் சூடாக்கும் குழாயில் காயத் தொங்கவிட்டிருந்ததை மிசிஸ் ஹொலிஸ் கண்டு, பஸ் ஓடவில்லையா என்று கேட்டார். எனக்கு மழை பிடிக்கும் என்றேன். நான்கு குண்டூசிகளுக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் கம்பளிக் காலுறை ஒரு சோடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

17 அக்டோபர், திங்கள்

இயக்குநர் மிஸ்டர் ஃபெர்ன் உடையைப் பார்க்க வந்தார். இருபத்தேழு வயதாம், பத்தொன்பது என்று சொன்னாலும் நம்புவேன். நகங்களைக் கடித்துச் சதை வரைக்கும் வந்துவிட்டார். இது அவர் தனியாக இயக்கும் முதல் கதை. இது நன்றாக வந்தால் தொடர்ந்து தருவார்களாம். இல்லாவிட்டால் திரும்பவும் பண்ணை நிகழ்ச்சிக்குத்தான். பன்றிகளோடு மூன்று வருடம் இருந்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னார். ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஊசி பிடித்திருப்பவளிடம் ஆட்கள் எதையும் சொல்கிறார்கள்.

ஹெர்பர்ட்டைச் சுற்றி வந்தார். இரண்டு தரம். ரப்பரைத் தொட்டுப் பார்த்து, இது என்ன என்றார். நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இதைப் பார்க்கும்போது தொட வேண்டும் போலவும் இருக்கிறது, தொடப் பயமாகவும் இருக்கிறது என்றார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

20 அக்டோபர், வியாழன்

ஒரு தேவாலய மண்டபத்தில் ஒத்திகை. தரையில் ஒட்டுநாடாவால் கோடு போட்டு, இது குகை, இது கப்பல் என்கிறார்கள். பெரிய ஆட்கள் கோட்டைத் தாண்டாமல் நடக்கிறார்கள். எட்டுக்கோடு விளையாடிய காலம் ஞாபகம் வந்தது.

கடைசிக் காட்சியில் குகை வாசலால் ஹெர்பர்ட் பாய்ந்து வர வேண்டும். கப்டன் சுட, விழ வேண்டும். அதோடு அந்த இனமே முடிந்தது. மிஸ்டர் டென்ஹாம் அழகாகப் பாய்ந்தார், கர்ச்சித்தார். ஆனால் செட் போடுகிறவர்கள் குகை வாசலை ஐந்தடி எட்டங்குலத்துக்குச் செய்து முடித்துவிட்டார்களாம். அளந்தவர் எந்த ஹெர்பர்ட்டை மனத்தில் வைத்து அளந்தாரோ. குனிந்து வந்தால் போகிறது என்றார் மிஸ்டர் டென்ஹாம். அரசர்கள் குனிந்து பழகியவர்கள் அல்ல.

நடந்து வந்தேன், நடந்து போனேன்.

23 அக்டோபர், ஞாயிறு

அறையைக் கூட்டித் துடைத்தேன். அவருடைய தடித்த கணக்கியல் புத்தகத்தின் அடையாள நாடா 214ஆம் பக்கத்தில் இருக்கிறது. ஆகஸ்டில் தூசி தட்டியபோதும் 214தான். ஆழமாகப் படிக்கிறார்.

மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. மாமா, அதாவது இவருடைய தகப்பனார், ஓய்வுபெற்ற தபாலதிபர். முத்திரை குத்துவது போல ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி எழுதுவார். 'நான்காம் முறை வெற்றியோடு அறியத் தரவும்' என்று முடித்திருந்தார். இவர் இரண்டு தரம் வாசித்து, மடித்து, மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். பிறகு லாச்சியைத் திறந்து, கடிதத்தைக் கவிழ்த்து வைத்து மூடினார்.

"என்னவும் சொல்லப்போறியளே?" என்று கேட்டேன்.

"என்னத்தை?"

"சும்மா கேட்டனான்."

தன் கைகளைப் பார்த்தார். "கறிக்கு உப்புக் காணாது" என்றார். நாங்கள் அப்போது சாப்பிடத் தொடங்கவே இல்லை.

28 அக்டோபர், வெள்ளி

இன்று ஒளிப்பதிவு நாள். நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையிலிருந்து கமராக்களோடு ஒத்திகை. இரவு எட்டுக்கு ஒளிப்பதிவு தொடங்கி, பத்துக்கு முடிய வேண்டும். பத்தடித்தால், யார் என்ன வசனம் பேசிக்கொண்டிருந்தாலும் விளக்கை அணைத்துவிடுவார்கள். அது சட்டம். செட்டையும் உடனே பிரித்துவிடுவார்கள். நாளைக் காலை அதே இடத்தில் ஒரு பெண்மணி முட்டை அவிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறாராம். ஆகவே இன்று விட்டால் விட்டதுதான்.

மாலை ஐந்தே முக்காலுக்கு மிஸ்டர் டென்ஹாம் குகை வாசலால் பாய்ந்தார். குனிந்துதான் பாய்ந்தார். குனிந்தது போதவில்லை. சத்தம் உடைப் பிரிவு வரைக்கும் கேட்டது.

ஹெர்பர்ட்டின் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல ரப்பர். மிஸ்டர் டென்ஹாமின் கழுத்து திரும்பவில்லை. டாக்டர் வந்து, இன்று இவர் எழும்பக்கூடாது என்றார். அவரை எங்கள் உடைப் பிரிவுத் தரையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தோம். கழுத்துக்கு ஒத்தடம் கொடுக்க ஒரு சுடுதண்ணிப் பை கேட்டார்கள். வெட்டாமல் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது.

மிஸ்டர் ஃபெர்ன் படியில் உட்கார்ந்துவிட்டார். பிராணி இல்லாமல் கதையை முடிக்கலாமா என்று யாரோ கேட்டார். கப்டன் எதைச் சுடுவார் என்று இன்னொருவர் கேட்டார். வேறு நடிகரைத் தேட நேரமில்லை. தேடினாலும், அந்த உடைக்குள் புகவும், தாடைப் பிளவால் மூச்சுவிடவும், கழுத்து ஓட்டையால் பார்க்கவும் பழக்க வேண்டும். அந்த வாசலால் குனியாமல் வரவும் வேண்டும்.

மிசிஸ் ஹொலிஸ் என்னைப் பார்த்தார். அது ஆளைப் பார்க்கும் பார்வையல்ல. துணி அளக்கும் பார்வை. என் உயரம் ஐந்தடி ஓரங்குலம். ஹெர்பர்ட்டின் கொக்கிகளையும் முடிச்சுகளையும் அறிந்தவள் உலகத்திலே நான் ஒருத்திதான்.

மாட்டேன் என்றேன். இரண்டு தரம் சொன்னேன். மிஸ்டர் ஃபெர்ன் எழுந்து வந்து என் முன்னால் நின்றார். கெஞ்சவில்லை. நீங்கள் மாட்டேன் என்றால் அது நியாயம்தான் என்று மட்டும் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

நடிகர் சங்கத்தில் இல்லாதவர் நடிக்கக்கூடாது என்று சங்கப் பிரதிநிதி வந்தார். இவர் நடிக்கவில்லை, தான் தைத்த உடை சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்கிறார் என்றார் மிசிஸ் ஹொலிஸ். பிரதிநிதி அவரைப் பார்த்தார், தரையில் கிடந்த மிஸ்டர் டென்ஹாமைப் பார்த்தார். பிறகு கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு பத்திரிகையை விரித்தார். பந்தயக் குதிரைகளின் பக்கத்தை நான்கு மணி நேரம் வாசித்தார்.

ஹெர்பர்ட்டின் கால்களில் பன்னிரண்டு அங்குலத்தை உள்ளே மடித்துத் தைத்தோம். வாலை உயர்த்தினோம். சேலையோடு உள்ளே போக முடியாது. மிசிஸ் ஹொலிஸ் ஒரு காற்சட்டை தந்தார். வாழ்க்கையில் முதல் முறை காற்சட்டை போட்டேன். அதையும் ஒருவரும் பார்க்கவில்லை.

நான் போகும்போது மிஸ்டர் டென்ஹாம் தரையிலிருந்து கூப்பிட்டார். அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். "பிள்ளை, கத்தாதையும். பாயவும் வேண்டாம். அதுக்கு என்ன வேணுமெண்டு மட்டும் யோசியும்."

யோசித்தேன். விழாமல் நடக்க வேண்டும். அதைத் தவிர ஹெர்பர்ட்டுக்கு வேறு ஆசை இல்லை.

ஒன்பது நாற்பதுக்கு என்னைக் குகைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். உள்ளே வேர்வை ஆறாக ஓடியது. வெளியே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. என் மூச்சுத்தான் கேட்டது. யாரோ முதுகில் தட்டினார்கள். நடந்தேன். தரை முழுவதும் உப்பும் பஞ்சும் கொட்டிய பனி. எங்கே படி, எங்கே கம்பி என்று தெரியவில்லை. காலால் தடவித் தடவி வைத்தேன். ஒரு கையால் குகைச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நிற்க வேண்டிய கோட்டைத் தேடித் தலையைச் சரித்துப் பார்த்தேன். கழுத்து ஓட்டையில் கப்டனின் முகம் வந்தது.

அவர் சுட வேண்டும். சுடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அங்கே நின்றபோது ஒரு விசித்திரமான எண்ணம் வந்தது. இத்தனை பேர், இத்தனை விளக்கு, நாலு கமரா. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் என்னைத் தெரியாது. தினமும் இப்படி ஓர் உடைக்குள் நின்று வேலை செய்கிறவருக்கு எப்படி இருக்கும்? யாராவது தெரிந்தவர் வந்து, பார்த்துவிட்டு, ஏறாமல் நின்றால் எப்படி இருக்கும்?

அப்போது சுட்டார். நான் விழ வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. விழுந்தேன். முதலில் முழங்கால், பிறகு கை, பிறகு பக்கவாட்டில். இரண்டு டின் முகப்பவுடரும் ஒரேயடியாக மேலெழுந்து மேகம் போல நின்று, மெல்ல என்மேல் இறங்கியது.

நேரம் ஒன்பது ஐம்பத்தாறு. திரும்ப எடுக்க வழியில்லை.

தலையைக் கழற்றியபோது மிஸ்டர் ஃபெர்ன் முன்னால் நின்றார். "விழமுந்தி என்ன செய்தனீர்?" என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். "உம்மட கை ஏதோ செய்தது." எனக்கு ஞாபகமில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பண்ணைக்கா, இல்லையா என்று சொல்லாமலே போய்விட்டார்.

30 அக்டோபர், ஞாயிறு

முழங்காலில் நீலக் கண்டல். இவர் கண்டுவிட்டார். எங்கே விழுந்தீர் என்று கேட்டார். வேலையில் என்றேன். என்ன வேலையில் ஆள் விழுவது என்றார். தையல் என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. நானும் அவரிடம் எதையும் மேலே கேட்பதில்லை. எங்கள் வீடு மிகவும் மரியாதையான வீடு.

4 நவம்பர், வெள்ளி

நடந்தேன். மிசிஸ் ஹொலிஸ் என் ஆறு வாரம் வரும் வெள்ளியோடு முடிகிறது என்று நினைவுபடுத்தினார். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறீரா என்று கொப்பியைத் திறந்து பார்த்தார். அழகான எழுத்து என்றார்.

12 நவம்பர், சனி

மாலையில் மிசிஸ் புரொசரின் கூடத்தில் தொலைக்காட்சி பார்க்கப் போனோம். சனிக்கிழமைகளில் எங்களையும் கூப்பிடுவார். இவர் கணக்கியல் புத்தகத்தையும் கையோடு கொண்டுவந்து மடியில் விரித்துக்கொண்டார், 214ஆம் பக்கம். நான் கதவுப்பக்கக் கதிரையில் இருந்தேன். தேவைப்பட்டால் எழுந்து ஓடலாம்.

குகை வந்தது. ஹெர்பர்ட் வந்தது. நான் கண்ணை மூடலாம் என்று இருந்தேன், மூடவில்லை. அது சுவரைப் பிடித்துக்கொண்டு, பனியில் காலைத் தடவித் தடவி வைத்து வந்தது. கப்டன் முன்னால் நின்று தலையைச் சரித்தது. அவரிடம் ஏதோ கேட்க வந்து, சொல் மறந்து நிற்பது போல இருந்தது. கப்டன் துப்பாக்கியைக் கொஞ்சம் தாழ்த்தினார். அது நடிப்பென்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு சுட்டார். ஹெர்பர்ட் விழுந்தது. வெண்மேகம் எழுந்து அதை மூடியது.

மிசிஸ் புரொசர் கைக்குட்டையை எடுத்தார். பாவம், பசித்து வந்திருக்கும் என்றார். இவருடைய மடியிலிருந்து புத்தகம் வழுக்கித் தரையில் விழுந்தது, இவர் எடுக்கவில்லை.

மேலே அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அது நீர்தானே" என்றார்.

"எது?"

"அந்த மிருகம்."

"உங்களுக்கு விசரே? அதுக்குள்ளை நிக்கிறது பெரிய நடிகர்."

"விழமுந்தி இடக்கையாலை சேலைக் கொய்யக மடிப்பை ஒதுக்கிப்போட்டுத்தான் விழுந்தது."

"அந்த மிருகத்துக்குச் சேலை இல்லை."

"இல்லைத்தான். அதாலைதான் கண்டுபிடிச்சனான்."

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். சிரிப்பதா, கோபிப்பதா என்று தெரியவில்லை. ஐந்து வருடக் கலியாணம். அதில் நாங்கள் ஒரு கூரைக்குக் கீழே இருந்தது எல்லாம் சேர்த்து ஒன்றரை வருடம். நான் எப்படி உட்காருவேன் என்பதை இந்த மனிதர் எப்போது பார்த்து வைத்தார்?

பிறகு நானே சொன்னேன். "நான் உங்களை பஸ்ஸிலை கண்டனான்."

"தெரியும். ஒக்டோபர் பத்து." அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "தரிப்பிலை நிண்டீர். ஏறேல்லை. அண்டையிலிருந்து நடந்து போறீர். மழைக்குள்ளையும் நடந்தீர். உம்மைத் தாண்டிப் போகேக்கை மூண்டு தரம் மணியடிச்சனான். நீர் திரும்பேல்லை."

"பஸ் மணி எனக்குத்தான் அடிக்குதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"டிரைவரும் அதைத்தான் கேட்டவர்."

மே மாதத்திலிருந்து அந்த வேலையாம். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் எறும்பு போல ஓடுகின்றனவாம். பஸ்ஸில் நிற்கும்போது மட்டும் தலைக்குள் அமைதியாக இருக்கிறதாம். கிழவிகளைக் கைபிடித்து ஏற்றுவது பிடித்திருக்கிறதாம். இதையெல்லாம் ஒரு குற்றவாளி நீதிபதிக்குச் சொல்வது போல நின்றுகொண்டே சொன்னார்.

"கணக்காளர் எண்டு சொல்லித்தானே உம்மைக் கட்டினது" என்றார்.

"உங்களுக்குக் கணக்கு வராதெண்டு எனக்குக் கலியாணத்தண்டே தெரியும். அக்கினியை மூண்டு தரம் சுத்தச் சொன்னதுக்கு நாலாந்தரமும் வெளிக்கிட்டனீங்கள். ஐயர்தான் சால்வையிலை பிடிச்சு இருத்தினவர்."

அவர் சிரித்தார். வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. கீழேயிருந்து மிசிஸ் புரொசர் கூட்டும் தும்புத்தடியால் தன் கூடத்து முகட்டில் தட்டினார்.

13 நவம்பர், ஞாயிறு

மாமாவுக்குக் கடிதம். இவர் காலை முழுவதும் எழுதினார், கிழித்தார். 'போக்குவரத்துத் துறையில் ஒரு பொறுப்பான பதவி' என்று ஓரிடத்தில் கண்டேன். பஸ் கண்டக்டர் என்று எழுதுங்கோ என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். எழுதினார். இரண்டே வரி. பரீட்சை இனி இல்லை, வேலை இது.

என்னைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்டார். உள்ளதை எழுதச் சொன்னேன். அதற்குப் பேனா ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். குகை, பனி, சுடுதண்ணிப் பை, கப்டன், துப்பாக்கி. தன்னைப் பற்றி இரண்டு வரி. ஹெர்பர்ட்டைப் பற்றி ஒன்றரைப் பக்கம். கடைசியில் உறையை ஒட்டி, தபால்பெட்டி வரைக்கும் போய், பெட்டியின் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான்தான் கையைத் தட்டிவிட்டேன்.

15 நவம்பர், செவ்வாய்

போன வெள்ளியோடு என் வேலை முடிந்திருக்க வேண்டும். யாரும் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று மிசிஸ் ஹொலிஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து கையெழுத்திடச் சொன்னார். ஒரு வருடம். மிஸ்டர் ஃபெர்னுக்கு அடுத்த கதையும் கொடுத்திருக்கிறார்கள். அதில் பிராணி இல்லையாம்; கடற்பாசி ஒன்று இருக்கிறதாம், பெரியது, யோசிக்கக் கூடியது. பச்சை நிறத்தில் குளியலறை விரிப்புகள் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

1 டிசம்பர், வியாழன்

மாமாவின் பதில் வந்துவிட்டது. இவர் அதிகாலையே வேலைக்குப் போய்விட்டார். மாலை வரைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. தரிப்பில் போய் நின்று, இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, மூன்றாவதாக வந்த இவருடைய பஸ்ஸில் ஏறினேன்.

கடிதத்தைக் கண்டதும் முகம் வெளிறியது. நீரே வாசியும் என்றார். பஸ்ஸின் பின்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரிப்புக்குத் தரிப்பு நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். இடையில் அவர் ஆட்களை ஏற்றினார், இறக்கினார், டிக்கெட் கொடுத்தார், மணியடித்தார்.

'மகனுக்கு: பஸ் வேலையில் ஓய்வூதியம் உண்டா என்று அறியத் தரவும். வண்டியின் பின்புறம் திறந்திருக்கும் என்று கேள்விப்படுகிறேன். குளிர் காலத்தில் கழுத்தை மூடிக்கொள்ளவும்.'

அவ்வளவுதான். பரீட்சையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்னொரு தரம் வாசியும் என்றார். வாசித்தேன். மேல்தட்டில் டிக்கெட் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறிப் போனார். மூன்று தரிப்பு கடந்தும் வரவில்லை. ஒரு கிழவர் தானே மணியடித்து இறங்கினார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. மேலே எல்லோரும் சிகரெட் பிடிக்கிறார்கள், ஒரே புகை என்றார்.

"உமக்கும் எழுதியிருக்கிறாரோ?"

எழுதியிருந்தார். எனக்கென்று மாமா எழுதிய முதல் கடிதம். அதையும் வாசித்தேன்.

'மருமகள் சற்குணவதிக்கு: அப்பிராணி ஒருவருக்கும் தீங்கு செய்ததாக மகனின் கடிதத்தில் இல்லை. அதன் வீட்டு வாசலுக்குப் போனவர்கள் மற்றவர்களே. அவ்வாறிருக்க, விசாரணையின்றி அதை ஏன் சுட்டார்கள்? இது குறித்து இரண்டு நாட்களாக எனக்கு உறக்கமில்லை. உரியவர்களிடம் கேட்டுப் பதில் எழுதவும்.'

இவர் கடிதத்தை வாங்கி அந்த இடத்தைத் தானும் வாசித்தார். "நியாயமான கேள்விதானே" என்றார். என்னுடைய தரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் மிஸ்டர் ஃபெர்னைப் பிடித்து, கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். எழுதியவர் யார் என்று கேட்டார். எழுபது வயதுத் தபாலதிபர், கப்பலில் மூன்று வாரம் போனால் வரும் ஊரில் இருக்கிறார், தொலைக்காட்சியை வாழ்நாளில் கண்டதில்லை என்றேன். அவர் கையிலிருந்த சான்ட்விச்சைத் தட்டில் வைத்தார்.

பிறகு, தனக்கும் தெரியவில்லை என்றார்.

அப்படியே மாமாவுக்கு எழுதப் போகிறேன்.